கயிற்றை விட்ட கை

காஞ்சிபுரத்துக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த குளிர், சித்திரை வெயிலில் மூன்றாவது மாடி உயரத்திலிருந்து தலைகீழாக விழுந்து செத்தது.

செத்து இரண்டு நாளாகியும் பிணத்தை யாரும் எடுக்கவில்லை. 'பரசுராம் பட்டு மாளிகை' வாசலில், பலகைப் பெட்டி பிளந்து, இரும்புக் குடல் சரிந்து, செப்புக் குழாய்கள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு கிடந்தது அந்த ஏ.சி. மிஷின். விழுந்த வேகத்தில் அது திறப்பு விழா வளைவையும் சேர்த்து நசுக்கியிருந்தது. 'குளுகுளு வசதி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்த இடத்தில் இப்போது 'குளு' மட்டும் பாக்கி.

"பாதி குளிரு தப்பிச்சிடுச்சுக்கா," என்றான் தர்மன்.

ஏலவார்குழலி சிரிக்கவில்லை. அவளுடைய உதவியாளன் தர்மன் ஒரு நாளைக்குச் சொல்லும் நகைச்சுவையில் பத்தில் ஒன்றுக்குத்தான் அவள் சிரிப்பாள். மற்ற ஒன்பதும் அந்த ஒன்றுக்கு வட்டி என்று அவன் சமாதானம் செய்துகொள்வான்.

குழலி முன்பு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேலைகளில் குறை பார்க்கும் வேலையில் இருந்தவள். இழை அறுந்த இடம், சரிகை தப்பிய இடம் எல்லாம் அவள் கண்ணுக்குத் தானாக வந்து நிற்கும். ஒருநாள் சங்கத் தலைவர் வீட்டுத் தறியிலிருந்து வந்த சேலையில் குறை கண்டுபிடித்தாள். மறுநாள் அவளுடைய வேலையில் குறை கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து சேலையை விட்டுவிட்டு மனிதர்களில் குறை பார்க்கத் தொடங்கினாள். பெரிய காஞ்சிபுரத்தில் சைக்கிள் கடை மாடியில் 'குழலி துப்பறியும் நிலையம்' என்று போர்டு வைத்தாள். புல்லாங்குழல் கற்றுத்தரும் இடம் என்று நினைத்து வந்தவர்களைக் கழித்துவிட்டால், வந்த கட்சிக்காரர்கள் எல்லாரும் மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிக்கச் சொன்னவர்கள்தான்.

இது வேறு ரகம். கூப்பிட்டிருப்பவர் பட்டு மாளிகை முதலாளி பரசுராமனே.

வாசலில் முதலாளியின் புதுத் தோல் செருப்பு கிடந்தது. அதில் இடறி விழப்போன தர்மன் குனிந்து பார்த்தான். தையல் வரிசை முழுக்க வெள்ளையாகப் பொடி அப்பியிருந்தது.

"பக்தின்னா இதான்க்கா. செருப்புக்கே விபூதி பூசியிருக்காங்க."

குழலி அந்தச் செருப்பை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பரசுராமன் தென்னேரிப் பக்கம் நெல் விளைவித்த குடும்பம். நெல்லை விற்றுப் பட்டு வாங்கினார். பட்டை விற்றுக் கட்சி வாங்கினார். வரப்போகும் நகராட்சித் தேர்தலில் சேர்மன் நாற்காலியை வாங்குவதாக உத்தேசம். அவர் பூஜை அறையிலிருந்து கூடத்துக்கு வந்தபோது, கடையில் இருந்த விற்பனைப் பையன்கள் அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கை கூப்பினார்கள். ஒரு கல்யாண வீட்டு அம்மாளுக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்த அரக்குப் பட்டு பாதியில் நழுவி அவள் தலையில் முக்காடாக விழுந்தது.

"வாங்க, துப்பறியும் சார்!" என்று பரசுராமன் தர்மனை நாற்காலியில் உட்காரவைத்தார். குழலியைப் பார்த்து, "அம்மா டைப்பிஸ்டா?" என்றார்.

"இல்லீங்க," என்றான் தர்மன். "துப்பறியறது அவங்க. துப்பு கிடைக்காதப்ப திட்டு வாங்கறது நானு."

பரசுராமன் காபி டம்ளரை மனசில்லாமல் குழலி பக்கம் நகர்த்தினார். பிறகு கதையைச் சொன்னார்.

மிஷினை மொட்டை மாடிக்கு ஏற்றும் குத்தகை ராமலிங்கத்துக்கு. ரைஸ்மில் எஞ்சின், கோயில் மணி என்று எந்தக் கனத்தையும் ஏற்றி இறக்குகிற ஆள். மாடியில் கம்பம் நட்டு, கப்பி கட்டி, சங்கிலியில் மிஷினைத் தூக்கினான். காற்றில் ஆடிச் சுவரில் மோதாமல் இருக்க, நாலு மூலையிலும் கயிறு கட்டி நாலு ஆட்கள் கீழேயிருந்து இழுத்துப் பிடித்தார்கள். மிஷின் மாடி விளிம்பை எட்டப்போகும் நேரம், நாலு பேரில் ஒருவன், முனுசாமி, கயிற்றை விட்டுவிட்டான். மிஷின் ஆடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் இடித்தது. சங்கிலி நழுவியது. குளிர் செத்தது. தெறித்த பலகை அடித்து ராமலிங்கத்தின் கால் முறிந்தது.

"மத்த மூணு பேரையும் கயிறு தரதரன்னு இழுத்துக்கினு போயிருக்குது. உள்ளங்கைத் தோலே உரிஞ்சி போச்சு. முனுசாமி கையைப் பாரு, குழந்தை கை மாதிரி இருக்குது. வேணும்னே விட்டிருக்கான். எதிர்க்கடைக்காரன் தூண்டிவிட்டிருக்கான். முனுசாமியைப் போலீஸ் பிடிச்சிட்டாங்க. தூண்டினவன் பேரை அவன் வாயிலேருந்து நீ வாங்கணும், அவ்ளோதான்."

"விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் குழலி.

"பூஜை ரூம்ல. சத்தம் கேட்டுத்தான் வெளியவே வந்தேன்."

வெளியே வந்ததும் குழலி தெருவில் குனிந்தாள். மிஷின் கிடந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் அகலமாக ஒரு கோடு போட்டிருந்தது. கபடி ஆடுகளம் மாதிரி. கடைவாசலுக்கு நேரே மட்டும் அந்தக் கோடு கலைந்து, மிதிபட்டுக் கிடந்தது.

தெருவில் விசாரிக்க ஆரம்பித்ததும் முழுத் தெருவும் சாட்சி சொல்ல ஓடி வந்தது. மிஷின் எப்படி ஆடியது, எப்படி இடித்தது, எந்தப் பக்கம் விழுந்தது என்று ஆளாளுக்குக் கையை ஆட்டிக் காட்டினார்கள். முனுசாமி ஏன் விட்டான் என்று கேட்டால் மட்டும் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"நாங்க மிஷினைத்தாம்மா பாத்துக்கினு இருந்தோம்," என்றாள் பூக்காரி பட்டம்மாள். "மேல அவ்ளோ பெரிய விஷயம் நடக்கும்போது கீழ எவன் பார்ப்பான்?"

"மத்த கயித்துக்காரங்க?"

"அவங்களும் மேலதான். முனுசாமிதான் நடுத்தெருவுல நின்னுக்கினு இருந்தான், கடைவாசலுக்கு நேரா."

*

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மிகவும் உற்சாகமாக இருந்தார். கேஸ் முடிந்துவிட்டது என்பது அவர் அபிப்பிராயம்.

"ஆதாரம் இருக்குதும்மா. அன்னிக்கு அவன் புதுச்சட்டை போட்டிருந்தான்."

"ஏழை புதுச்சட்டை போடறது எந்தப் பிரிவுல வருது சார்?" என்று தர்மன் கேட்டான். இன்ஸ்பெக்டர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தார்.

லாக்கப் கம்பிக்கு வெளியே முனுசாமியின் மனைவி எல்லம்மாள் குந்தியிருந்தாள். திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் இருக்கும் காலனியிலிருந்து கூழ் கொண்டுவந்திருந்தாள். கம்பி வழியாக நீட்டிய டம்ளரை முனுசாமி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். பலசாலி. தோள் இரண்டும் தேர்க்கட்டை மாதிரி. கண் மட்டும் தூங்காமல் சிவந்திருந்தது.

"சட்டை நான் எடுத்துக் குடுத்தேம்மா," என்றாள் எல்லம்மாள், யாரும் கேட்காமலே. "பெரிய கடையில வேலை செய்யப் போறாரு, கிழிசலோட எப்படி நிக்கறதுன்னு எடுத்தேன். அதுவே எமனா வந்துடுச்சு."

குழலி முனுசாமியின் உள்ளங்கைகளைப் பார்த்தாள். காய்த்துப் போன கை. ஆனால் ஒரு சிராய்ப்பு இல்லை.

"கயிறு நழுவியிருந்தா தோலு போயிருக்கும். நீயா விட்டிருக்கே, இல்லையா?"

"ஆமாம்மா. நான்தான் விட்டேன்."

"யாராவது விடச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை."

"பின்ன ஏம்பா விட்டே?"

முனுசாமி கூழ் டம்ளரை மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "விட்டுட்டேம்மா. அதுக்கு மேல கேக்காதீங்க."

அந்த நேரம் இன்ஸ்பெக்டர் பூட்ஸ் சத்தத்துடன் அந்தப் பக்கமாக நடந்து போனார். முனுசாமி விருட்டென்று எழுந்தான். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே குவிந்தன. கூழ் டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. எல்லம்மாளின் காலெல்லாம் கூழ்.

"அரை வயித்துக்கு இருந்ததும் போச்சா?" என்றாள் எல்லம்மாள். திட்டுகிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

தர்மன் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தான். குழலியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சேலையில் அறுந்த இழையைப் பார்த்துவிட்டால் அவள் முகம் இப்படித்தான் ஆகும்.

*

ஆஸ்பத்திரியில் ராமலிங்கத்தின் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, கப்பியில் கயிறு கட்டி, உயரத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஊரையே தூக்கறவரைத் தூக்கி வெச்சிருக்காங்க," என்றான் தர்மன்.

"அதுவும் தப்பாக் கட்டியிருக்கானுங்க," என்று முனகினான் ராமலிங்கம். "முடிச்சைப் பாரு. இவனுங்களை நம்பி ஒரு தண்ணிக் குடத்தைத் தூக்க முடியுமா?"

தன் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னால் ராமலிங்கம் கால் வலியை மறந்துவிடுகிற ரகம். "இந்த வேலையில வாய்க்கு இடமே இல்லைம்மா. கைதான் பேசும். அதுவும் ஒரே ஒருத்தன் கை. நான் கையை மடக்கினா நிறுத்தணும், விரிச்சா இறக்கணும். கயித்தைப் பிடிக்கிறவன் அப்பன் செத்தான்னு சேதி வந்தாலும் திரும்பக் கூடாது. கனம் தொங்கிக்கினு இருக்கும்போது கீழ ஒரு கோழிக்குஞ்சு வரக்கூடாது. அதுக்குத்தானே சுண்ணாம்புக் கோடு! கோட்டுக்குள்ள வந்தா கடவுளா இருந்தாலும் வெளியதான்."

"கடவுள் வரலை. வேற யாராவது வந்தாங்களா?"

ராமலிங்கம் மாவுக்கட்டைப் பார்த்தான். "இல்லியே."

"முனுசாமி ஏன் விட்டான்னு நினைக்கறீங்க?"

"அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் மேலதான் பாத்துக்கினு இருந்தேன்." பிறகு, பேச்சை மாற்றுகிற அவசரத்தில், "அவருக்கு அடி கிடி ஒண்ணும் இல்லியே?" என்றான்.

"யாருக்கு?"

"முதலாளிக்குத்தான்."

"அவர் பூஜை ரூம்ல இருந்தாராமே. அவருக்கு எப்படி அடி படும்?"

ராமலிங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது. "வாலாஜாபாத்துல புதுசா ரைஸ்மில் கட்டறாரும்மா," என்று மெல்லச் சொன்னான். "எஞ்சின் ஏத்தற வேலை எனக்குத்தான்னு சொல்லியிருக்காரு."

"புரியுது," என்று குழலி எழுந்தாள். "யாரைத் தள்ளிவிடப் போய் உங்க காலு போச்சுன்னு நான் கேக்கலை."

ரிக்‌ஷாவில் தர்மனுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, முதலாளி கோட்டைத் தாண்டி வெளிய வந்திருக்காரு. செருப்புல சுண்ணாம்பு. சரி. ஆனா அவரா கயித்தை விட்டாரு? முனுசாமி விட்டதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

"தர்மா, நாளைக்கு எனக்கு ஒரு மணல் மூட்டை வேணும்."

"யாரைப் புதைக்கறதுக்கு?"

பத்தில் ஒன்று. குழலி சிரித்தாள்.

*

மறுநாள் பட்டு மாளிகை வாசலில் திருவிழாக் கூட்டம். உடைந்த மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, சவுக்குக் கட்டைகளால் முக்காலி நட்டு, கப்பியில் மணல் மூட்டையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்பது குழலியின் உத்தரவு. இன்னொரு கால் முறிய வேண்டியதில்லை. சுற்றிலும் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு. விலங்குடன் முனுசாமி ஓரமாக நின்றான், பக்கத்தில் எல்லம்மாள்.

"நாலு கயிறு, நாலு பேரு," என்றாள் குழலி. "மூட்டையைத் தெருப்பக்கம் இழுத்துப் பிடிக்கணும். கடைவாசலைப் பாத்து நிக்கணும். என்ன நடந்தாலும் விடக்கூடாது. யார் வர்றீங்க?"

விற்பனைப் பையன்களில் மூன்று பேர் மார்தட்டிக்கொண்டு வந்தார்கள். தாங்கள் முதலாளியின் உப்பைத் தின்றவர்கள் என்றும், உயிரே போனாலும் விடமாட்டோம் என்றும் சொன்னார்கள். நாலாவது கயிற்றுக்கு ஆள் வரவில்லை.

"குடும்மா இங்க," என்று இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார். "பிடிக்கத் தெரிஞ்சவன் பிடிச்சா எப்படி இருக்கும்னு இந்த முனுசாமிப் பய பார்க்கட்டும்."

நாலு பேரும் இழுத்தார்கள். மூட்டை தெருப்பக்கம் சாய்ந்து நின்றது. பரசுராமன், குழலி கேட்டுக்கொண்டபடி, அன்று இருந்ததாகச் சொன்ன பூஜை அறையிலேயே இருந்தார்.

குழலி தர்மனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் கடைக்குள் போனான்.

"ஐயா, வாசல்ல ஊரே கூடியிருக்குது. உங்களை ஒரு தடவை பார்த்துட்டுப் போறோம்னு நிக்கிறாங்க."

அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை பேசவேண்டியிருக்கவில்லை. சேர்மன் ஆகப்போகிற மனிதனுக்குக் கூட்டம் என்பது வண்டுக்குப் பூ மாதிரி. பரசுராமன் அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, முகம் மலர வாசலுக்கு வந்தார். சுண்ணாம்புக் கோடு அவர் கண்ணில் படவே இல்லை. தாண்டி நடந்தார். நின்றார். கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

முதல் பையன் கை கூப்பினான். இரண்டாவது பையன் கூப்பினான். மூன்றாவது பையன் கூப்பினான். இன்ஸ்பெக்டரின் வலது கை, அவரைக் கேட்காமலேயே, கயிற்றை விட்டுவிட்டுத் தொப்பிக்குப் போய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தது.

நாலு கயிறும் காற்றில் பறந்தன. மணல் மூட்டை நிதானமாக, கல்யாண வீட்டு ஊஞ்சல் மாதிரி ஆடிப்போய், பரசுராமனின் முழங்காலில் தட்டியது. அவர் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டரின் கை இன்னும் தொப்பியிலேயே இருந்தது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்ஸ்பெக்டர் சார்," என்றாள் குழலி, ரொம்ப மரியாதையாக. "எதிர்க்கடைக்காரர் உங்ககிட்ட எப்பப் பேசினாரு?"

கூட்டத்தில் யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். பிறகு தெருவே சிரித்தது. கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்து சிரித்தார்கள்.

முனுசாமி மட்டும் சிரிக்கவில்லை. குழலி அவனிடம் போனாள்.

"இப்பவாவது சொல்லுப்பா."

"என்னம்மா சொல்றது? கயித்தைப் பிடிச்சிக்கினு நிக்கிறேன். திடீர்னு எதிர்ல முதலாளி வந்து நின்னு என்னையே பாக்குறாரு. போன வருஷம் இவங்க நெல்லுக் களத்துல எங்க சித்தப்பா மவன் தலையில மூட்டையோட போனான், கும்பிடலைன்னு வேலையை விட்டே துரத்திட்டாங்க. அந்த ஞாபகம் மனசுல வர்றதுக்குள்ள என் கை மேல போயிடுச்சு. நான் தூக்கலைம்மா. அதுவா போச்சு."

"போலீஸ்ல இதைச் சொல்றதுதானே?"

"பெரிய மனுஷன் மேல பழி போடறியான்னு அதுக்குத் தனியா அடிப்பாங்க. கும்பிடலைன்னா திமிரு, கும்பிட்டா குத்தம். எதுக்கு அடி வாங்கறதுன்னு தெரியாமத்தான் பேசாம இருந்தேன்."

தர்மனுக்கு அந்த இடத்தில் சொல்ல ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை. அவனுக்கே அது புதுசாக இருந்தது. வேறு பக்கம் திரும்பினான்.

*

பூஜை அறைக்குள் பரசுராமன் குழலியிடம் குரலைத் தாழ்த்தினார். வேட்டியின் பின்பக்கத்தில் சுண்ணாம்பு வெள்ளை அப்படியே இருந்தது. சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

"என் பேரு வெளிய வரக்கூடாதும்மா. தேர்தல் வருது."

"தெருவே பார்த்துடுச்சே."

"பாப்பாங்க. சொல்ல மாட்டாங்க. எனக்குத் தெரியாதா என் ஜனத்தை?"

"சொல்றதுக்கு நான் இருக்கேன்," என்றாள் குழலி. "முனுசாமி மேல குடுத்த புகாரை இப்பவே வாபஸ் வாங்கணும். ராமலிங்கம் காலு குணமாகற வரைக்கும் நீங்க பாத்துக்கணும். ரைஸ்மில் வேலையும் அவருக்குத்தான். அப்புறம், அடுத்த மிஷின் மாடி ஏறும்போது நீங்க இந்த ஊர்லயே இருக்கக் கூடாது."

"எங்க போறது?"

"திருப்பதி போங்க," என்றான் தர்மன். அவனுக்குப் பேச்சு திரும்ப வந்துவிட்டது. "அங்க நீங்கதான் கும்பிடணும். மாறுதலா இருக்கும்."

பரசுராமன் சம்மதித்தார். புகார் திரும்பியது. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு சிக்கல். அவ்வளவு பெரிய மிஷின் விழுந்திருக்கிறது. காரணம் என்று ஏதாவது ஒன்று எழுதியாக வேண்டும். முதலாளி என்று எழுத முடியாது. வணக்கம் என்று எழுதினால் மேலதிகாரி சிரிப்பார். பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் முகம் பிரகாசமாகி, 'பலத்த காற்று' என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு அதைக் குழலியிடம் நீட்டினார். அவள் படித்துப் பார்த்துவிட்டு, தொடாமலே வெளியே வந்துவிட்டாள்.

சாயங்காலம் விலங்கு கழன்று முனுசாமி போலீஸ் நிலையத்துப் படியிறங்கி வந்தான். எல்லம்மாள் அவன் சட்டையின் தூசியைத் தட்டிவிட்டாள்.

"யாரு மேலயும் தப்பு இல்லைன்னு எழுதிட்டாங்க," என்றான் தர்மன். "பலத்த காத்தாம். காத்துதான் தள்ளிடுச்சாம்."

முனுசாமி நடுத்தெருவில் நின்றுவிட்டான். "காத்தா? இன்னாபா சொல்றே? அன்னிக்கு ஒரு இலைகூட அசையலையே! அப்படிப் புழுங்குச்சு. மிஷின் ஏத்தறதுக்கு நல்ல நாளுன்னு ராமலிங்கமே சொன்னாரு. காத்து எங்கேருந்து…"

எல்லம்மாள் அவன் வாயைப் பொத்தினாள். கடைத்தெருப் பக்கமிருந்து பரசுராமனின் கார் மெதுவாக அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"சும்மா வாய்யா," என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "காத்து வந்துக்கினு இருக்குது. காதுல விழப்போவுது."